தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சிலுவைப்பாதை

கொழும்பில் கண்காட்சி வைத்தால் யாராவது ஒருவர் வந்து, உங்களுக்கு ஆதர்சமான ஓவியர் யார் என்று கேட்காமல் போகமாட்டார். கையில் ஜூஸ் கிளாஸ் இருக்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, நான் ஒரு வெள்ளைக்காரன் பெயரைச் சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பார். சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அந்தப் பெயரை அவரும் கேள்விப்பட்டிருக்கிறார், நானும் கேள்விப்பட்டிருக்கிறேன், கதை முடிந்தது, அடுத்த படத்துக்கு நகரலாம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லித் தொலைத்தேன். மாத்தளையில் சித்திரம் படிப்பிக்கிற டீச்சருக்கு, அதுவும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவளுக்கு, இவ்வளவாவது தெரிந்திருக்கிறதே என்று அவர்கள் மெச்சிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடக் கடைசியில் வைத்த கண்காட்சியில் எனக்கு அலுத்துப்போய்விட்டது. கேட்டவர் ஒரு பத்திரிகைக்காரப் பையன். பாவம், அவன் மேல் தப்பில்லை. அன்றைக்கு என் வாய் நிற்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கோயில் சுவரில் பதினான்கு பலகைகள் தொங்குகின்றன, அவற்றை வரைந்தவர்தான் எனக்கு எல்லாம், மற்றப் பெயர்களெல்லாம் நான் பிறகு புத்தகத்தில் படித்தவை என்று சொன்னேன். அவன் கண்ணை விரித்துக்கொண்டு எழுதினான். அந்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டிருந்தால் இதை நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

ரத்தோட்டைக்கும் மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறுகிற ஒரு தோட்டத்தில், ஃபெக்டரிக்குப் பின்பக்கம் இருக்கிறது அந்தக் கத்தோலிக்கக் கோயில். கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, முன்னால் ஒரு சிலுவை. உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் ஏழு ஏழாகச் சிலுவைப்பாதைப் படங்கள். இயேசுவுக்குத் தீர்ப்பிட்டதிலிருந்து கல்லறையில் வைத்தது வரை பதினான்கு காட்சிகள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் முழங்காலிட்டுச் செபித்து நகருவோம். சின்ன வயதில் முழங்கால் நோகும், செபம் முடியவே முடியாது. வேறு வேலை இல்லாமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் படித்த முதல் சித்திரப் பாடம் அதுதான்.

வரைந்தவர் ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்து அடிக்கிறவர். நாங்கள் பெயின்டர் மாமா என்போம். அப்போதெல்லாம் தேயிலை மரப்பெட்டியில்தான் போகும். உடைந்த பெட்டிகளின் பலகைகளைக் கேட்டு வாங்கி, அவற்றில்தான் வரைந்திருந்தார். பெயின்ட்டும் அப்படித்தான். பங்களா ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை, ஃபெக்டரிக் கூரைக்கு அடித்த சிவப்பு, தண்ணிக் குழாய்க்கு அடித்த சாம்பல் நிறம். அவ்வளவுதான் அவருடைய நிறங்கள். என் படங்களில் நிழலெல்லாம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று ஒரு விமர்சகர் முக்கால் பக்கத்துக்கு ஆராய்ந்து எழுதினார். அது பங்களா ஜன்னல் பச்சை ஐயா, வேறொன்றுமில்லை.

முதலாம் படத்தில், இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட ஆளுநர் பிலாத்து, பழி எனக்கில்லை என்று கையைக் கழுவுகிறான். அந்தப் பிலாத்து எங்கள் தோட்டத்துத் துரை. காக்கி அரைக் காற்சட்டை, சப்பாத்துக்கு மேல் முழங்கால் வரை இழுத்த மேசு, மடியில் தொப்பி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு எனாமல் பேசினில் கையைக் கழுவுகிறார். தண்ணீர் ஊற்றுகிறவர் பங்களா சமையற்காரர், தோளில் துவாயோடு. சிலுவையை அடித்துத் தள்ளுகிற சேவகர்கள் கம்பளிக் கோட்டு போட்ட காவற்காரர்கள். எட்டாம் படத்தில் இயேசுவைப் பார்த்து அழுகிற எருசலேம் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த எங்கள் அம்மாமார். பன்னிரண்டாம் படத்தில் சிலுவையில் தொங்குகிறவரின் கால் கட்டைவிரல்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும், மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்குகிறவர்களின் கால் மாதிரி.

இதையெல்லாம் நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், இந்த மனிதருக்கு நெஞ்சில் எவ்வளவு துணிச்சல் என்றுதான். துரை வருடத்துக்கு ஒரு தரம், நத்தார் பாலன் பிறப்புப் பூசைக்கு, கோயிலுக்கு வருவார். அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் அவருக்கு நாற்காலி போடுவார்கள். தன் தலைக்கு மேலே தானே கை கழுவிக்கொண்டிருப்பது தெரியாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாத ஜனத்துக்காக ஒருவர் பெயின்ட்டால் பேசிவிட்டார் என்று நான் நம்பினேன். நான் வரைந்த ஒவ்வொரு படமும் அந்த நம்பிக்கையில் வரைந்ததுதான். எங்கள் பெண்களை நான் என் படங்களில் எந்த அரண்மனையிலும் எந்த நீதிமன்றத்திலும் கூடையோடு கொண்டுபோய் நிறுத்துவேன் என்றால், அதற்கு அவர்தான் காரணம்.

அவரோ எப்போதோ போய்விட்டார். எனக்கு நினைவு தெரிந்து கொஞ்ச காலத்திலேயே, இரண்டு அரசாங்கத்தின் ஒப்பந்தம் என்று சொல்லி, இந்தியப் பிரஜை என்று எழுதி, குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பினவர்களைப் பற்றி யார் விசாரித்தார்கள்? செத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பத்திரிகைக்காரப் பையன் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் தோட்டத்துக்கே வந்து, கோயிலுக்குள் என்னை நிறுத்திப் படம் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்துக்கு வந்தது. முதலாம் படத்தின் முன்னால் என்னை நிற்க வைத்திருந்தான். துரையின் முகம் முழுக்க என் தலைக்குப் பின்னால் போய்விட்டது. எனாமல் பேசின் மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் தெரிந்தது. எனக்கு எரிச்சல்தான், ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். கோயில் சபைத் தலைவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அவர் அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணி வாசலில் ஒட்டினார்.

அதை யாரோ போனில் படம் பிடித்து அனுப்ப, அது கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டி நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தை மாதத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. ஒரு பெண் எழுதியிருந்தார். நீங்கள் சொன்ன பெயின்டர் என் அப்பாதான், உயிரோடு இருக்கிறார், எண்பத்தைந்து தாண்டிவிட்டது, ஒரு கண் மட்டும் தெரியும் என்று. ஜூன் மாதம் மாத்தளைப் பக்கத்து வஹகோட்டைக் கோயில் திருவிழாவுக்கு எப்படியாவது கூட்டிவர ஆசை, உடம்பு தாங்குமோ தெரியாது, அதனால் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் அதைப் படித்துவிட்டுப் பாடசாலை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் அழுதேன். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒற்றைக் கண் மூடுவதற்குள், அவர் செய்தது வீண் போகவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். சாமான் மாதிரி மூட்டை கட்டி ஏற்றி அனுப்பின ஒரு மனிதர் விட்டுப்போன பலகையைப் பார்த்து ஒருத்தி ஓவியராகிவிட்டாள் என்று அவர் காதால் கேட்க வேண்டும். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று கோயிலுக்குப் போகிறேன், பதினான்கையும் எடுத்து அனுப்புகிறேன் என்று பதில் எழுதினேன்.

அதற்கு முன்பே ஏன் எடுத்து வைக்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்டுத் தொலையுங்கள். எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. அந்தப் படங்களை நேரில் முழங்காலிட்டுத்தான் பார்க்க வேண்டும், போனுக்குள் அடைக்கக்கூடாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு வியாக்கியானம் பண்ணுவேன். கிழித்தேன்.

விபூதிப் புதனன்று பூசை தொடங்கின பிறகுதான் பஸ் போய்ச் சேர்ந்தது. உள்ளே சனம் நிறைந்திருந்தது. வரிசையில் நின்று, தலையைக் குனிந்து, நெற்றியில் சாம்பலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன்.

பதினான்கும் புதிது. பளபளவென்று டிஜிட்டல் பிரின்ட் அடித்த போர்ட்கள், சுற்றிவரத் தங்க நிறச் சட்டம், மேலே குட்டி லைட் வேறு. முதலாம் படத்தில் சிவப்பு அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிலாத்து, பளிங்குத் தூண்கள், பின்னால் ரோமாபுரிக் கொடி. அழுகிற பெண்களுக்கு நீலக் கண். சிலுவையில் தொங்குகிறவரின் காலில் ஒரு தூசி இல்லை. கடைசிப் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. ஓவிய ஆசிரியையின் பெருமுயற்சியால் புதுப்பிக்கப்பட்டது என்று என்னைப் போட்டிருந்தார்கள்.

பூசை முடியும்வரை எப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் அண்ணனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன். பழைய படங்கள் எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடுதான் நின்றார். நான் திகைத்துப்போக வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து இரகசியமாகச் செய்திருக்கிறார்கள். குவைத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் காசு அனுப்பியிருக்கிறார்கள். மாத்தளை டவுனில் அடித்து, வேன் பிடித்து ஏற்றி வந்திருக்கிறார்கள். நான் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று பிரின்ட் கடைக்காரரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார்களாம்.

"நீ பேப்பர்ல சொன்னதுக்கப்புறம் கொழும்புலேருந்து ஆளுங்க பாக்க வருவாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க தங்கச்சி" என்றார். "வந்து பாத்தா பலகையெல்லாம் செல்லரிச்சுக் கெடக்கு. நமக்குத்தானே அசிங்கம்?"

வீட்டுக்கு விருந்தாள் வருகிறார் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டுப் பக்கத்து லயத்தில் நாற்காலி இரவல் வாங்கிப் போடுகிற சனம் நாங்கள். என் அம்மாவும் அப்படித்தான். இந்தப் படங்கள் பெரிய படங்கள் என்று நான் பத்திரிகையில் சொன்னேன். பெரிய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். வேறு எப்படி விளங்கிக்கொள்வார்கள்?

சரி, சுருட்டி எங்கே வைத்தீர்கள், அதைக் கொடுங்கள் என்றேன். வஞ்சகமில்லாமல் சொன்னார், எரித்துவிட்டோம் என்று.

பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். அவர் பதறிப்போய், நான் தப்பாக நினைத்துக்கொண்டேன் என்று எண்ணி, ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார். ஆசீர்வதித்து மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, விற்கக்கூடாது, விறகுக்குக் கொடுக்கக்கூடாது, எரித்துப் புதைக்க வேண்டும். அது எங்கள் முறைதான், எனக்கும் தெரியும். போன வருடத்துக் குருத்தோலையை எரித்துத்தானே அன்றைக்கு எங்கள் நெற்றியில் பூசினார்கள்.

"பழைய இரும்புக்காரன் வந்து சட்டத்தோட கேட்டான், குடுக்கல" என்றார் அண்ணன். "நீ அவ்வளவு மதிக்கிற சாமான்னு, நாலு பேரு நின்னு செபமாலை சொல்லித்தான் எரிச்சோம். பெயின்ட்டுச் சாம்பல் நெத்தியில பட்டா அரிக்கும்னு குருத்தோலைய வேற சட்டியில எரிச்சோம்."

கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் இடத்தையும் காட்டினார். மண்ணை மெழுகி, மேலே ஒரு செவ்வந்திச் செடி நட்டிருந்தார்கள். அவ்வளவு மரியாதை. ஒரு மடையன் கோபத்தில் உடைத்திருந்தால் நான் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இவர்களை என்ன செய்வது? என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அறிவில்லையா என்றேன், ஒரு வார்த்தை என்னிடம் கேட்டால் உங்கள் மானம் கப்பலேறிவிடுமா என்றேன். பெரியம்மா ஓடிவந்து, விபூதிப் புதனும் அதுவுமாக ஏன் இந்தப் பேச்சு என்று என் வாயைப் பொத்தினார். அண்ணன் முகம் செத்துப்போய் நின்றார். இவளுக்காகச் செய்து இவளிடமே ஏச்சு வாங்குகிறோமே என்றுதான் அந்த முகம் சொன்னது, அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீலகிரிக்கு என்ன சொல்வது? போன் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன். பிறகு மழை, பஸ் இல்லை என்று இன்னொன்று. அந்தப் பெண் பொறுமையாக, பரவாயில்லை டீச்சர், அப்பா காலையில் எழும்பினவுடன் படம் வந்துவிட்டதா என்று கேட்கிறார் என்று எழுதினார். அன்றிரவே வீட்டில் தாளை விரித்து, மனதிலிருந்து துரையின் முகத்தை வரைந்து பார்த்தேன். வந்தது என் துரை. நான் இத்தனை வருடம் வரைந்து பழகின, மூக்கைச் சுளித்த, கெட்ட துரை. அவருடைய துரை அப்படி இல்லை. எப்படி இருந்தார் என்று எனக்குக் கைக்கு வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து சனம் கலைந்த பிறகு, கோயிலுக்குள் நின்றே நீலகிரிக்கு வீடியோ கோல் எடுத்தேன். அண்ணன் மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்தார், என்னோடு பேச்சில்லை. மகளிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். அப்பாவிடம் நானே சொல்கிறேன் என்றார். திரையில் அவர் குனிந்து காதில் சொல்வது தெரிந்தது. பிறகு போன் கிழவரின் முகத்துக்கு வந்தது. கம்பளித் தொப்பி, பல்லில்லாத வாய், ஒரு கண் பால் பூத்திருந்தது.

"எல்லாத்தையுமா எரிச்சாங்க?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும்தான் மாமா என்றேன். அழப்போகிறார் என்று நினைத்து நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"நல்லதும்மா" என்றார்.

பிறகு அவர் சொன்னதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பங்குச் சுவாமி அவரிடம் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, இதில் இருக்கிற மாதிரியே வரை என்றாராம். மாதக்கணக்காக உட்கார்ந்தாராம். எந்த முகத்தைத் தொட்டாலும் அது லயத்தில் யாரோ ஒருவர் முகமாகத் திரும்பிவிடுமாம். அங்கி வரைய வரவில்லை. உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதன் எப்படி உட்காருவான் என்று யோசித்தால், அவர் அறிந்து நாற்காலியில் உட்காருகிறவர் துரை ஒருத்தர்தான். மற்ற எல்லோரும் நிற்கிறவர்கள். துணிச்சலா? துரை நத்தாருக்கு வரும்போதெல்லாம், மேலே பார்த்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாராம். சுவாமி படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, புதிது வாங்கக் காசில்லாததால் மாட்டச் சொன்னாராம். கப்பலேறுகிறபோது எல்லோரும் அழுதார்கள், இனி அதுகளை ஒவ்வொரு வெள்ளியும் பார்க்க வேண்டாம் என்று தனக்கு மட்டும் ஒரு ஆறுதல் இருந்தது என்றார்.

புதுப் படங்களைக் காட்டச் சொன்னார். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். வேறென்ன செய்வது? ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பல்லில்லாத வாய் சிரிக்கத் தொடங்கியது. இதேதான், அந்தப் புத்தகத்தில் இருந்தது இதேதான் என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். யார் வரைந்தது என்று கேட்டார். மெஷினில் அடித்தது மாமா என்றேன். அதனால்தான் பிசகில்லை என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா இப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகிறது என்று எனக்கு நன்றி சொன்னார். எனக்கு நன்றி!

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. பொய் சொல்கிறீர்கள் மாமா, உங்களுக்குத் தெரியாது, உங்கள் கை உங்களைவிடப் பெரியது என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு பலகை, ஒரே ஒரு பலகை மிஞ்சியிருந்தால் அந்த ஒற்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, நல்லாப் பாருங்கள், இதுவா பிசகு என்று கேட்டிருப்பேன். என்னிடம் இருந்தது வாசலில் லேமினேட் பண்ணி ஒட்டின பத்திரிகைப் படம். அதில் ஒரு பேசினும் என் தலையும்தான் இருந்தன.

போனை வைக்கப்போகிற நேரத்தில் அவரே கேட்டார். தான் வரைந்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று மகள் சொன்னாளாம், அதில் அப்படி எது பிடித்தது என்று.

"அதுல இருந்ததெல்லாம் நம்ம ஆளுங்க மாமா" என்றேன்.

அவர் திரைக்குக் கிட்ட வந்தார்.

"அதுதாம்மா நான் செஞ்ச பிழை" என்றார். "அம்பது வருசமா அது எனக்கு நெஞ்சுல முள்ளு. இப்பவாச்சும் சரி பண்ணிட்டாங்க. பண்ணினவருக்கு நான் கும்பிட்டேன்னு சொல்லிடுங்க."

அண்ணன் மெழுகுதிரியோடு எனக்குப் பின்னாலேயேதான் நின்றிருந்தார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.